சூடேறினால் படுத்துவிடும் ரெக்கர்: ஒறுகொடவத்தை யார்ட்டில் ஒரு ஹைட்ரோலிக் வேலை

இந்த ரெக்கரை, அதாவது பழுதான வண்டிகளைத் தூக்கி இழுக்கும் கிரேன் லொறியை, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்புத்தான் சொன்னார்கள்: "பம்ப் போயிட்டுது." பம்ப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதே வருத்தத்தோடு ஒரு பழைய கிரேன் வைத்திருக்கும் யாராவது, இதைப் படித்துக்கொண்டே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் பம்ப் விலை கேட்கப் போனைக் கையில் எடுத்திருக்கக்கூடும். போனை வைத்துவிட்டு முதலில் ஒரு வெக்யூம் கேஜ் (உறிஞ்சலை அளக்கும் மீற்றர்) தேடுங்கள்.

வண்டி எம்543ஏ2. அமெரிக்க இராணுவத்தின் 5 தொன், ஆறு சில்லும் இழுக்கும் லொறி வரிசையில் வந்த மீட்பு வண்டி. டீசல், மண்ணெண்ணெய், அவசரத்துக்குப் பெற்றோல் கலவை என்று கொடுத்ததைக் குடிக்கும் 7.8 லீற்றர் மல்டிஃபுவல் எஞ்சின். முன்னால் 20,000 இறாத்தல் இழுக்கும் வின்ச், பின்னால் 45,000 இறாத்தல் இழுக்கும் வின்ச், முதுகில் சுழலும் ஹைட்ரோலிக் கிரேன். கிரேனின் உச்சத் தூக்கு 20,000 இறாத்தல், அதாவது 9 தொன்னுக்குக் கொஞ்சம் மேல். ஸ்டியரிங் இடது பக்கம். றோட்டில் ஓடுவதில்லை, யார்ட்டுக்குள் எஞ்சின் இறக்க, அக்சில் தூக்க, வெற்றுக் கொள்கலனை நகர்த்த என்று மட்டும் பாவிக்கிறோம்.

எங்கள் முதலாளியிடம் வந்து சேருமுன் இது பல கைகள் மாறியிருக்கிறது. ஒவ்வொரு கையும் எதையாவது மாற்றிவிட்டுத்தான் போயிருக்கிறது. வண்டியோடு வந்த பம்ப் இல்லை. அந்த இடத்தில் இரும்புத் தகடு வெல்ட் பண்ணி ஒரு கியர் பம்ப் பூட்டியிருக்கிறார்கள். எஞ்சினின் சக்தியை வெளியே எடுத்துத் தரும் பீடிஓவிலிருந்து சின்ன ஷாஃப்ட் ஒன்று அதைச் சுழற்றுகிறது. ஹோஸ்களில் எதுவும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. ஆகவே புத்தகத்தில் உள்ள படம் எங்கள் வண்டிக்குப் பாதிதான் பொருந்தும். கீழே வரும் அளவுகள் எல்லாம் எங்கள் கேஜில் நாங்கள் பார்த்தவை. உங்கள் வண்டிக்கு அப்படியே எடுத்துப் பொருத்த வேண்டாம்.

வருத்தம் இப்படி. விடிய ஸ்டார்ட் பண்ணினால் எல்லாம் ஒழுங்கு. பூம், அதாவது கிரேனின் கை, கீழிருந்து உச்சிக்குப் போக 24 செக்கன். கால் மணித்தியாலம் வேலை செய்ததும் பம்ப் கத்தத் தொடங்கும். பூம் நடுவழியில் யோசிக்கும். இன்னும் பத்து நிமிடம் போனால் அதே பூம் 70 செக்கனிலும் ஏறி முடிக்காது. கொக்கியில் எடை இருந்தால் ஏறவே ஏறாது. எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்தால் திரும்பவும் உயிர் வரும்.

ஒப்பரேட்டர் கதிரைக்கு முன்னால் நாலு லிவர்: ஹொய்ஸ்ட் (கொக்கியை ஏற்றி இறக்க), பூம் (கையை உயர்த்தித் தாழ்த்த), க்ரவுட் (கையை நீட்டிச் சுருக்க), ஸ்விங் (சுழற்ற). நாலும் ஒன்றாகத்தான் சோர்ந்தன. இது முக்கியம். ஒரு லிவர் மட்டும் சோர்ந்தால் அந்த லிவரின் சிலிண்டரையோ மோட்டரையோ பார்க்கலாம். நாலும் ஒரேயடியாகச் சோர்ந்தால் நாலுக்கும் பொதுவான இடத்தில்தான் நோய்: டாங்கி, சக்ஷன் ஹோஸ் (டாங்கியிலிருந்து பம்புக்கு ஒயிலை உறிஞ்சும் குழாய்), பம்ப், ரிலீஃப் வால்வு (பிரஷர் அளவு மீறினால் திறந்து ஒயிலைத் திருப்பிவிடும் வால்வு). அதற்கு மேல் தேடத் தேவையில்லை.

முன்பு பார்த்த பட்டறை பம்பைக் கழற்றி, சீல்களும் பக்கத் தகடுகளும் மாற்றி 85,000 ரூபா வாங்கியிருந்தது. வருத்தம் அப்படியே இருந்தது. பிறகு புதுப் பம்ப்தான் வழி என்று 340,000 ரூபாவுக்கு விலை எழுதிக் கொடுத்தார்கள். முதலாளி அந்தக் கடதாசியை என்னிடம் நீட்டி, "தம்பி, இதையும் போட்டு இதே கூத்துத்தான் என்றால், நான் வண்டியைப் பழைய இரும்புக்குக் குடுத்திடுவன்" என்றார். அந்தக் கணக்கில்தான் வேலை என் கைக்கு வந்தது.

முதலில் ஒயில். வண்டி சூடாகிக் கத்திக்கொண்டிருக்கும்போதே டாங்கியிலிருந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்தேன். பால் மாதிரிக் கலங்கியிருந்தது. கலங்கல் இரண்டு காரணத்தால் வரும்: தண்ணீர், இல்லையென்றால் காற்று. போத்தலை மேசையில் வைத்துவிட்டுப் பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டு வந்தது. காற்று. தண்ணீர் என்றால் அவ்வளவு கெதியில் தெளியாது. சந்தேகம் தீர, பழைய தாச்சியைச் சூடாக்கி அதில் சில துளி விட்டுப் பார்த்தோம். தண்ணீர் இருந்தால் படபடவென்று வெடிக்கும், வெடிக்கவில்லை. (இதை வெளியில் வைத்துச் செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு, துளிக் கணக்கில் மட்டும்.)

அடுத்தது பிரஷர். பம்பின் வெளிவாயில் ஒரு டீ (மூன்று வழி ஜொயின்ட்) போட்டு, கிளிசரின் நிரப்பிய 0–3,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) கேஜ் ஒன்று பூட்டினேன். பூமை உச்சிக்குக் கொண்டுபோய், லிவரை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தால், குளிரில் 1,150. சூடானதும் 450, ஊசி நிலையாக நிற்காமல் துடித்துக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் ஒரு முழுப் பகல் ரிலீஃப் வால்வில் போனது. பிரஷர் ஏறவில்லை என்றால் ரிலீஃப் திறந்து கிடக்கிறதோ என்று நினைப்பது வழக்கம்தான். அட்ஜஸ்ட் ஸ்க்ரூ வெளியே நீட்டிக்கொண்டிருந்த நீளத்தை வேர்னியரில் அளந்து (14.2 மி.மீ.) சுவரில் எழுதிவிட்டுக் கழற்றினோம். இதை அளக்காமல் யாரும் ரிலீஃப் வால்வில் கை வைக்கக் கூடாது. ஸ்பிரிங் நேராக இருந்தது, சீற் (வால்வின் கூம்பு வந்து அமரும் இடம்) வடுவில்லாமல் மினுங்கியது. டீசலில் கழுவி, அதே 14.2க்குத் திரும்பப் பூட்டினோம். கேஜில் எந்த மாற்றமும் இல்லை. உண்மையில் இதைக் கழற்றாமலே தெரிந்துகொண்டிருக்கலாம்: ரிலீஃப் வழியாக ஒயில் ஓடினால் வால்வின் உடம்பு பக்கத்துப் பைப்பைவிடச் சூடாக இருக்கும். லேசர் தேர்மோமீற்றர் பிடித்துப் பார்த்தபோது இரண்டும் ஒரே சூடு. அந்தக் கருவி என் பெட்டியிலேயே இருந்தது.

கலங்கிய ஒயில், துடிக்கும் ஊசி, கத்தும் பம்ப். மூன்றும் சக்ஷன் பக்கத்தைக் காட்டின. சக்ஷனில் காற்று உள்ளே போகும் ஓட்டை வெளியே ஒயில் கசியாது. அதனால் கண்ணுக்குப் படாது. அதற்குப் பழைய வைத்தியம் கிரீஸ். பம்ப் கத்திக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு ஜொயின்ட்டாகத் தடிப்பாகக் கிரீஸ் பூசிக்கொண்டு வர வேண்டும். எங்கே பூசும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே காற்று உறிஞ்சுகிறது. வண்டிக்குக் கீழே படுத்திருந்த உதவிப் பொடியன் பம்பிலிருந்து பூசிக்கொண்டு வந்தான். டாங்கியின் வாயில் உள்ள நிப்பிளுக்கு (மரை போட்ட இணைப்புத் துண்டுக்கு) வந்ததும், "அண்ணை, குறைஞ்சிட்டுது" என்று கத்தினான். மேலே எனக்கும் கேட்டது.

நிப்பிளைக் கழற்றியபோது வெள்ளை டேப் சுருள் சுருளாக வந்தது. அதற்குக் கீழே நார். நாருக்குக் கீழே காய்ந்த கம். டாங்கியின் வாய் அமெரிக்க என்பிடி மரை, 2 அங்குலம். பூட்டியிருந்தது பிரிட்டிஷ் பிஎஸ்பி நிப்பிள், அதுவும் 2 அங்குலம். கொழும்பில் கடைக்குப் போய் 2 அங்குல நிப்பிள் என்று கேட்டால் கையில் வருவது பிஎஸ்பிதான். இந்த இரண்டும் ஏமாற்றுகிற மரைகள். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 புரி. ஆனால் என்பிடியின் கோணம் 60 பாகை, பிஎஸ்பியின் கோணம் 55. ஏறிவிடும், ஆனால் ஒழுங்காக இருக்காது. 1 அங்குலத்திலிருந்து 2 அங்குலம் வரை என்பிடி 11.5 புரி, பிஎஸ்பி 11. இரண்டு மூன்று சுற்று ஏறியதும் பிடிக்கும். இறுக்கமாக இருப்பதால் பூட்டியவருக்குத் திருப்தி. அந்தத் திருப்திக்கு நடுவிலேதான் காற்று போய்க்கொண்டிருந்தது. அமெரிக்க வண்டியில் வேலை செய்பவர்கள் பெட்டியில் ஒரு திரெட் கேஜ் (மரையின் புரியை ஒப்பிட்டு அளக்கும் தகடு) வைத்திருப்பது நல்லது.

மாளிகாவத்தையில் ஒரு லேத் பட்டறை. அங்கே வேலை செய்யும் பாஸிடம் (கைவினைஞரிடம்) பழைய நிப்பிளையும் டாங்கி வாயின் அளவையும் கொடுத்து, ஒரு பக்கம் 2 அங்குல என்பிடி, மறுபக்கம் ஹோஸ் ஏறும் வரிகள் வைத்த வால் என்று ஒரே துண்டில் வெட்டச் சொன்னேன். பம்ப் பக்க எல்போவுக்கும் (வளைந்த இணைப்புக்கும்) அதே போல ஒரு வாலை வெல்ட் பண்ணித் தந்தார். பூட்டி ஓட்டியபோது நுரை போய்விட்டது. போத்தலில் ஒயில் தேன் நிறத்தில் தெளிவாக வந்தது, கேஜ் ஊசி துடிப்பதை நிறுத்தியது. பொடியன் கை தட்டினான். இருபது நிமிடத்தில் பம்ப் திரும்பவும் கத்தியது. பிரஷர் 500.

இப்போது காற்று இல்லை. ஆனால் பம்புக்கு ஒயில் போதவில்லை. இதற்குத்தான் வெக்யூம் கேஜ்.

பெற்றோல் எஞ்சின் டியூன் பண்ணும் பழைய ஆட்கள் எல்லோரிடமும் இது இருக்கும். கார்பரேட்டர் போன பிறகு லாச்சியில் தூசி பிடித்துக் கிடக்கும். கிராண்ட்பாஸில் ஒரு பழைய டியூன்-அப் கராஜில் இரவல் வாங்கினேன். பம்பின் உள்வாய் எல்போவில் எட்டில் ஒரு அங்குலத்துக்குத் துளைத்து, மரை போட்டு, அதைப் பூட்டினோம். துளைத்த சீவல் உள்ளே விழாமல் இருக்க டிரில் முனையில் கிரீஸ் பூசி, எல்போவைக் கழற்றி வெளியே வைத்துத் துளைத்தோம்.

கண்டது இது. ஒயில் 32 பாகை செல்சியஸில் இருக்கும்போது 4 அங்குல பாதரசம் (உறிஞ்சலின் அளவு; எண் கூடக் கூட ஒயில் வரும் வழியில் தடை கூடுகிறது). 40 பாகையில் 6. 50இல் 11. 55ஐத் தாண்டியதும் 17, அதோடு பம்பின் கத்தலும்.

கியர் பம்பின் வாயில் 5 அங்குலத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது என்பது பொதுவான கணக்கு. 17 கெட்டது என்பது யாருக்கும் தெரியும். எனக்கு விஷயத்தைச் சொன்னது அது ஏறிய விதம். ஒயில் குளிரில் தடிப்பு, சூட்டில் இளக்கம். டாங்கிக்குள் இருக்கும் சல்லடை அடைத்திருந்தால் குளிரில்தான் ஊசி கூடுதலாகக் காட்ட வேண்டும், சூடேறச் சூடேறக் குறைய வேண்டும். இங்கே தலைகீழ். அப்படியென்றால் டாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று சூட்டில் தன் உருவத்தை மாற்றுகிறது. நடுவில் இருப்பது ஒரே ஒரு சாமான். ஹோஸ்.

வெளியில் பார்த்தால் அந்த ஹோஸில் ஒரு குறையும் சொல்ல முடியாது. கறுப்பு, தடிப்பு, உள்ளே கம்பிச் சுருள். கையால் நசுக்கினால் நசுங்காது. சூடாக இருக்கும்போதும் வட்டமாகவே நின்றது. முன்பு வந்தவர்களும் இதைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டிருப்பார்கள். நான் கழற்றி, டோர்ச் அடித்து ஒரு முனையிலிருந்து பார்த்தேன்; வளைவு இருந்ததால் மறுமுனை தெரியவில்லை. கிரைண்டரில் நீளவாக்கில் பிளந்தோம்.

வளைவு இருந்த இடத்தில் உள்தோல் கம்பிச் சுருளை விட்டுக் கழன்று, ஒரு நாக்கு மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. நீளம் ஒரு சாணுக்குக் கிட்ட. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. நகத்தால் கீறினால் துருவலாக உதிர்ந்தது. குளிரில் கொஞ்சம் விறைப்பாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒயில் சூடாகி அது இளகியதும் பம்ப் உறிஞ்சும் திசையில் எழுந்து வழியை மூடிவிடும். எஞ்சினை நிறுத்தினால் உறிஞ்சல் நின்று, ஆறி, திரும்பவும் சுவரில் சாயும். சாப்பிட்டு வந்தால் உயிர் வருவதன் காரணம் இதுதான். நாக்கின் ஓரம் பல இடங்களில் பிய்ந்து போயிருந்தது. பிய்ந்த துண்டுகள் எங்கே என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஹோஸ் அகப்பட்ட சந்தோஷத்தில் யாருக்கும் அந்த யோசனை வரவில்லை.

அது தண்ணீர் இறைக்கும் மெஷினுக்கான சக்ஷன் ஹோஸ். உள்தோல் இயற்கை ரப்பர். இயற்கை ரப்பருக்கும் கனிய எண்ணெய்க்கும் ஆகாது; ஊறி, வீங்கி, இளகிப்போகும். ரப்பர் விளைகிற நாட்டில் இருப்பதில் உள்ள ஒரு தொல்லை இது: வோஷர், புஷ், பக்கிங் எது கேட்டாலும் அச்சில் வார்த்துத் தந்துவிடுவார்கள், கையில் பிடிக்க அருமையாக இருக்கும், ஒயிலில் போட்டால் மாசக்கணக்குத் தாங்காது. ஒயிலுக்கு நைட்ரைல் வேண்டும். எது எதுவென்று தெரியாவிட்டால் ஒரு கீலம் வெட்டி, நீளத்தை வேர்னியரில் அளந்து, இரவு முழுக்க ஒரு போத்தல் ஒயிலில் ஊறப்போடுங்கள். இளஞ்சூட்டில் வைத்தால் இன்னும் நல்லது. அந்தப் பழைய ஹோஸின் வாய்ப்பக்கத்தில் ஒயில் அதிகம் படாத இடத்தில் வெட்டிய கீலம் 25.0 மி.மீ.இலிருந்து விடியும்போது 27.6 ஆகியிருந்தது.

புது ஹோஸுக்கு ஆமர் வீதிப் பக்கம் போனேன். முதல் கடையில் அதே தண்ணீர் ஹோஸைத்தான் எடுத்துப் போட்டார்கள். இன்னொரு கடையில் இருந்த கடைக்கார நானா, ஹோஸை எடுக்குமுன் கேள்வி கேட்டார். "உறிஞ்சவா, தள்ளவா?" உறிஞ்ச என்றேன். "எவ்வளவு சூடு?" அறுபதுக்குள் என்றேன். "அப்ப ஆர்4 தான். தள்ளுற ஹோஸ் எவ்வளவு விலை குடுத்து வாங்கினாலும் உறிஞ்சுற இடத்தில போடாதீங்க." எஸ்ஏஈ 100ஆர்4 என்பது சக்ஷன், ரிட்டர்ன் லைன்களுக்கென்றே உள்ளது: ஒயில் தாங்கும் உள்தோல், நெருக்கமான கம்பிச் சுருள். 2 அங்குலத்தில் 1.8 மீற்றர் வாங்கினேன். கடையில் நின்றபடியே பழைய கீலத்தைக் காட்டினேன். நானா மூக்கருகில் கொண்டுபோய் மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

பூட்டும்போது கவனித்தவை: இந்தத் தடிப்புக்கு வளைவின் ஆரம் 300 மி.மீ.க்குக் குறையக் கூடாது, அதனால் பழையது போன குறுக்கு வழியை விட்டுச் சட்டத்தைச் சுற்றிக் கொண்டுபோனோம். சைலன்சரிலிருந்து ஒரு சாண் தள்ளி. முனைக்கு இரண்டு கிளிப். மெல்லிய ஜுபிலி கிளிப் இல்லை, போல்ட் வைத்து இறுக்கும் தடித்த வகை. டாங்கியைத் திறந்து அடியைத் துடைத்தோம். நூல் விடும் துணி பாவிக்கக் கூடாது. கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி ஒற்றி எடுத்தால் மூலையில் இருக்கும் மண் எல்லாம் அதில் வந்துவிடும். சல்லடையில் பெயின்ட் செதிலும் டேப் துண்டுகளும் இருந்தன, ஆனால் பாதிக்கு மேல் திறந்தே இருந்தது. பழைய ஒயிலைப் பரலில் தெளிய விட்டு, வடிகட்டித் திரும்ப ஊற்றினோம். குறைந்ததற்கு 46 நம்பர் ஹைட்ரோலிக் ஒயில் 20 லீற்றர் கேன் இரண்டு.

ஸ்டார்ட் பண்ணுமுன் எல்போ வழியாகப் பம்புக்குள் ஒயில் ஊற்றி, ஷாஃப்டைக் கையால் சுற்றினோம். காய்ந்த கியர் பம்பை ஓடவிட்டால் புது 85,000 ரூபா. பிறகு எஞ்சினை ஐட்லில் விட்டு, பீடிஓவைப் போட்டும் எடுத்தும், கொஞ்சம் கொஞ்சமாக.

குளிரில் வெக்யூம் 3 அங்குலம். ஒரு மணித்தியாலம் ஓடி ஒயில் 56 பாகையானதும் 2. பிரஷர் குளிரில் 1,150, சூட்டில் 1,100. பூம் உச்சிக்கு 23 செக்கன், சூட்டிலும் அதே. பம்ப் கத்தவில்லை. முதலாளி வந்து பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு, "எஞ்சின் ஓடுதா?" என்று கேட்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எடை வைத்துப் பார்க்க வேண்டுமே. தெரிந்த எடை வேண்டுமென்றால் கொள்கலன் யார்ட்டுகள் நிறைந்த ஒறுகொடவத்தையில் தேடி அலையத் தேவையில்லை. எந்தக் கொள்கலனின் கதவிலும் அதன் வெற்றெடை அச்சடித்திருக்கும். எங்கள் 20 அடிக் கொள்கலனில் 2,230 கிலோ. வண்டியின் தாங்குகால்களை இறக்கி ஊன்றி, பூமை நீட்டாமல், நாலு கால் சங்கிலி போட்டு, நிலத்திலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்தினோம். யாரும் கிட்டப் போகவில்லை. தூக்கல் அழகாக வந்தது. லிவரை நடுவில் விட்டதும் கொள்கலன் மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது.

இறங்குவது வயர் றோப் சுற்றும் ட்ரம்மா, பூமா என்று முதலில் பிரிக்க வேண்டும். ட்ரம்மில் ஒரு சோக் கோடு, பூம் சிலிண்டரின் மினுங்கும் ரொட்டில் (தண்டில்) மார்க்கரால் ஒரு கோடு. பத்து நிமிடத்தில் ட்ரம் கோடு அசையவில்லை. ரொட் 9 மி.மீ. உள்ளே போயிருந்தது. பூம் நுனியில் அது 60 மி.மீ.

"பக்கிங் (சிலிண்டருக்குள் பிஸ்டனைச் சுற்றியுள்ள சீல்) போயிட்டுது" என்றார்கள், பம்ப் போயிட்டுது என்று சொன்ன அதே வாய்கள். இதற்குச் சட்டென்று ஆம் சொல்ல மனம் வரவில்லை. லிவர் நடுவில் இருக்கும்போது சிலிண்டரின் இரண்டு வாயும் அடைபட்டிருக்கிறது. பிஸ்டன் பக்கிங் கசிந்தால் ஒயில் ஒரு அறையிலிருந்து மற்ற அறைக்குப் போகும், அவ்வளவுதான். ரொட் உள்ளே வர வேண்டுமென்றால் அந்த ரொட்டின் கனவளவு ஒயில் சிலிண்டரை விட்டு வெளியே போயே ஆக வேண்டும். அதற்கு வழி விடுவது வால்வு. பூம் சிலிண்டரைக் கழற்றுவது சின்ன வேலையில்லை. இன்னொரு கிரேன் கொண்டுவந்து இந்தக் கிரேனைத் தாங்க வேண்டும்.

கொள்கலனை இறக்கி, பூமைத் தாங்கியில் வைத்து, பிரஷரை வெளியே விட்டுவிட்டு, சிலிண்டரின் கீழ்வாயில் 5,000 பி.எஸ்.ஐ. தாங்கும் 'போல் வால்வு' (உள்ளே ஒரு பந்து திரும்பி வழியை மூடும் வகை) ஒன்று பூட்டினோம். திரும்பத் தூக்கி, லிவரை நடுவில் விட்டு, போல் வால்வை மூடினோம். பத்து நிமிடத்தில் மார்க்கர் கோடு அசையவே இல்லை. திறந்தோம். இறங்கியது. சிலிண்டர் நிரபராதி. (இந்த நேரத்தில் ஜொயின்ட் கசிகிறதா என்று பார்க்க விரும்பினால் ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். விரலை நீட்டாதீர்கள். ஊசித் துவாரத்தால் பாயும் ஒயில் தோலுக்குள் ஏறினால் விரல் போகும்.)

பூம் லைனில், லிவரை விட்டதும் பூம் இறங்காமல் ஒயிலைப் பிடித்து வைக்கும் ஒரு ஹோல்டிங் வால்வு இருக்கிறது. கழற்றி, சீற்றை டோர்ச்சில் பார்த்தோம். மிளகுப் பாதி அளவில் ஒரு கறுப்புத் துணுக்கு சீற்றுக்கும் கூம்புக்கும் நடுவில் நசுங்கி ஒட்டியிருந்தது. ரப்பர். பிய்ந்து போன நாக்கின் துண்டு எங்கே என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருந்தது. எங்கள் வண்டியில் ஃபில்டர் ரிட்டர்ன் லைனில் இருக்கிறது. சல்லடை டாங்கிக்குள். ஹோஸ் இரண்டுக்கும் நடுவில். ஹோஸில் பிய்ந்தது எதுவானாலும் பம்பில் அரைபட்டு, நேரே வால்வுகளுக்குள் போய், சுற்றி முடித்த பிறகுதான் ஃபில்டரைக் காணும். ஃபில்டரை வெட்டிப் பார்த்தோம். மடிப்புகளுக்குள் நிறைய இருந்தது. மரக் குச்சியால் துணுக்கை எடுத்து, சீற்றைத் துடைத்து, புது ஃபில்டர் போட்டு, அதே கொள்கலனைத் தூக்கினோம். பத்து நிமிடத்தில் கோடு ஒரு மி.மீ. கூட நகரவில்லை. போல் வால்வைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். அதை வண்டியிலேயே விட்டால் யாராவது மூடிவிட்டு மறப்பார்கள்.

செலவு: ஹோஸ் 20,700. கிளிப் நாலு 3,800. லேத், வெல்டிங் 9,500. பிரஷர் கேஜ் 6,800. போல் வால்வு 14,500. ஃபில்டர் 8,200. ஒயில் 55,000. கழுவ டீசல், ஓ-ரிங், சில்லறை 3,500. மொத்தம் 122,000 ரூபா, என் கூலி தவிர. பாதிக்குக் கிட்ட ஒயில்தான்.

இன்னொரு வண்டி இதே குறையோடு வந்தால் ரிலீஃப் வால்வைத் தொடுமுன் கிரீஸ், வெக்யூம் கேஜ், தேர்மோமீற்றர் என்ற ஒழுங்கில் போவேன். ஹோஸில் தோல் கழன்றிருந்தால் பம்புக்குப் பிறகு வரும் ஒவ்வொரு வால்வையும் சந்தேகக் கணக்கில் எழுதிவிட்டுத்தான் எடை தூக்குவேன். இந்த வண்டியில் எல்போவில் போட்ட துளையை அடைக்கவில்லை; ஒரு சின்னக் கொக் (மூடித் திறக்கும் வால்வு) வைத்து, சொந்தமாக ஒரு வெக்யூம் கேஜும் நிரந்தரமாகப் பூட்டிவிட்டேன். சிவப்பு மார்க்கரால் 5இல் ஒரு கோடு. டாங்கி வாயில் ஒரு வால்வு இருந்தால் ஒயிலை இறக்காமல் ஹோஸ் மாற்றலாம் என்று முதலாளி கேட்டார். வைக்கலாம், ஆனால் அது மூடியிருக்கும்போது யாராவது பீடிஓவைப் போட்டால் பம்ப் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். கைப்பிடியைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே கட்டி வைக்கிறோம் என்றால் வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பம்புக்கும் வால்வுப் பெட்டிக்கும் நடுவில் ஹை பிரஷர் ஃபில்டர் ஒன்று போட விலை கேட்டிருக்கிறது.

ஸ்விங் லிவர் மட்டும் இன்னும் இடது பக்கம் திரும்பும்போது ஒரு வெட்டு வெட்டுகிறது. அங்கேயும் ஒரு துணுக்கு உட்கார்ந்திருக்கும் என்பது என் ஊகம். அதற்கு வால்வுப் பெட்டியை முழுதாக இறக்க வேண்டும், அங்குல ஓ-ரிங் செட் ஒன்றும் வேண்டும். மில்லிமீற்றர் செட்டில் கிட்டத்தட்டச் சரியானதைப் போட்டுச் சமாளிக்கும் வேலை இந்த வண்டியில் ஏற்கெனவே போதும் போதும் என்று நடந்திருக்கிறது. பொங்கல் முடிந்ததும் யார்ட் வேலை குறையும், அப்போது வண்டியைத் தருகிறேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். நானாவிடம் ஓ-ரிங்குக்குச் சொல்லிவைத்தாயிற்று.